வீட்டைப் பெயர்த்தால் எது வந்து சேரும்?

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் ஏறக்குறைய 400 ஆண்டுகள் மூலவர் இல்லை. கருவறை வெறுமையாகக் கிடந்தது. லிங்கம் இருந்தது பக்கத்திலுள்ள சத்துவாச்சாரியில். 1981 மார்ச்சில் ஊர்க்காரர்கள் அதை எடுத்துப்போய்க் கோட்டைக் கோயிலில் மறுபடி நிறுத்தினார்கள். தொல்லியல் துறையின் காவலில் இருந்த நினைவுச்சின்னம் அன்று முதல் பூசை நடக்கும் கோயிலானது. அதே கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பற்றி இன்னொரு செய்தி வழங்கிவருகிறது. குதிரையும் யாளியும் பாயும் அந்தத் தூண்களைக் கண்டு சொக்கிப்போன ஆங்கிலேயர்கள், மண்டபத்தைக் கல் கல்லாகப் பிரித்துக் கப்பலேற்றி இங்கிலாந்தில் நிறுத்தத் திட்டமிட்டார்களாம். வரவேண்டிய கப்பல் வழியிலேயே மூழ்கியதால் மண்டபம் தப்பியதாம். கதையில் எவ்வளவு உண்மை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அப்படி ஓர் ஆசை அந்தக் காலத்தில் நடக்கக்கூடியதாகத்தான் இருந்தது. இதே தமிழ்நாட்டிலிருந்து ஒரு மண்டபம் உண்மையாகவே கடல் கடந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

பழைய வீடு ஒன்றை அது நிற்கும் இடத்திலிருந்து பெயர்த்து, வேறோர் இடத்தில் நிறுத்தி, பழுதுபார்த்து, அருங்காட்சியகமாக்குவது சரியா? சரியென்றால் எந்த வீட்டை, யார் செலவில், எவ்வளவு தூரம்? வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வியல்ல. சத்துவாச்சாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகம் வந்தது, வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் பகுதி பகுதியாக வந்தன, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை அகலமானது. சாலையோரத்துத் திண்ணை வீடுகள் போன இடம் தெரியவில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வணிகத்தில் செழித்த குடும்பங்கள் கட்டிய பெரிய வீடுகள் பாகப்பிரிவினைக்கும் அடுக்குமாடிக்கும் இடையில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

பெயர்த்து வைப்பதற்கு உலகம் முழுவதும் முன்மாதிரியாகச் சொல்லப்படுவது ஸ்டாக்ஹோமில் உள்ள ஸ்கான்சென். ஆர்தர் ஹசேலியஸ் 1891ல் அதைத் திறந்தார். சுவீடனின் பல மாகாணங்களிலிருந்து பண்ணை வீடுகளைக் கொண்டுவந்து ஒரே மேட்டில் நிறுத்தினார். தேவாலயமும் பட்டறைகளும் பின்னாளில் வந்து சேர்ந்தன. தொழிற்சாலைகள் பெருகி நாட்டுப்புறம் காலியாகிக்கொண்டிருந்த நேரம் அது. அதன் பிறகு ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் திறந்தவெளி அருங்காட்சியகங்கள் முளைத்தன.

அமெரிக்காவில் இது வேறு வகையில் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பங்கர் ஹில் என்ற மேட்டுப் பகுதி முழுவதும் விக்டோரியா காலத்து மரவீடுகள். நகரச் சீரமைப்பு என்ற பெயரில் எல்லாவற்றையும் இடித்தபோது, கடைசியாக மிஞ்சிய இரண்டை 1969ல் லாரியிலேற்றி ஹெரிடேஜ் ஸ்கொயர் என்ற இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டில் யாரோ வைத்த தீயில் இரண்டும் சாம்பலாயின. ஆனாலும் முயற்சி நிற்கவில்லை. 1887ல் கட்டப்பட்ட ஹேல் வீடு 1970ல் அங்கே வந்து சேர்ந்தது, இன்னும் நிற்கிறது. மேட்டில் குடித்தனத்தோடு எண்பது ஆண்டு நின்ற வீடுகள், காப்பாற்றிக் கொண்டுவந்த இடத்தில் ஆளில்லாமல் சில மாதம்கூடத் தாங்கவில்லை. பெயர்த்த வீட்டின் முதல் ஆபத்து பெயர்க்கும்போது வருவதல்ல, பெயர்த்து வைத்த பிறகு வருவது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் பிற்பாடு எல்லாம் குழம்பும். அமெரிக்க விக்டோரியா வீடு மரச்சட்டத்தில் பலகை அடித்தது. அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, இரும்பு உத்திரத்தில் ஏற்றி, அப்படியே உருட்டிக்கொண்டு போகலாம். அதே விக்டோரியா காலத்தில், அதாவது 1837க்கும் 1901க்கும் இடையில், நம் ஊரில் எழுந்த பங்களா செங்கலும் சுண்ணாம்பும். அதை அப்படியே தூக்க முடியாது, பிரிக்கத்தான் வேண்டும். செங்கல் வீட்டையும் பிரித்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். கேப்டன் குக்கின் பெற்றோர் வீடு என்று சொல்லப்படும் யார்க்‌ஷயர்க் குடிசையை 1934ல் பிரித்து, கல்லுக்கும் செங்கலுக்கும் எண் போட்டு, 253 பெட்டியிலும் 40 பீப்பாயிலும் அடைத்து, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். சுவரில் படர்ந்திருந்த கொடியின் துண்டைக்கூட விடவில்லை. அது சின்ன வீடு. அதற்கே அவ்வளவு.

தமிழ்நாட்டில் இந்த வேலையை முறையாகச் செய்து காட்டிய இடம் ஒன்றுதான்: கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் அதை நடத்துகிறது. சுமார் பத்து ஏக்கர். வளாகத்துக்கான அடிப்படை வடிவமைப்பைத் தந்தவர் லாரி பேக்கர். வீடுகளை நிறுத்தும் பெரும்பொறுப்பை ஏற்றவர் கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ். 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, திருநெல்வேலி அக்ரகார வீடு, தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி வீடு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு, புதுப்பள்ளி சிரியன் கிறிஸ்தவர் வீடு, இல்கல் நெசவாளர் வீடு, கடலோர ஆந்திரத்து வட்டக் குடிசை என்று நான்கு மாநிலத்து வாழ்க்கை வரிசையாக நிற்கிறது. இவற்றில் பெரும்பாலானவை இடிக்க நாள் குறிக்கப்பட்டிருந்த வீடுகள். நன்றாக இருந்த வீட்டை ஆசைப்பட்டுப் பிடுங்கியதல்ல என்பது இந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு தார்மீக பலம்.

பிரிப்பது எப்படி என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதலில் வீடு நிற்கும்போதே தரைப்படம், குறுக்குவெட்டு, கதவு நிலை ஒவ்வொன்றின் அளவு எல்லாம் வரைந்தாக வேண்டும். புகைப்படம் மட்டும் போதாது. புகைப்படத்தில் மரத்தின் கனம் தெரியாது. பிறகு ஓட்டை இறக்குவார்கள். பட்டியல், கைமரம், முகட்டு வளை, உத்திரம், போதிகை, தூண் என்று மேலிருந்து கீழாக வரும் வரிசை முக்கியம். ஒவ்வொரு மரத்துக்கும் எண் போடுவார்கள். எந்த அறை, எந்தப் பக்கம், எத்தனையாவது என்பது அந்த எண்ணிலேயே தெரிய வேண்டும். பழைய தச்சு வேலையில் இரும்பாணி குறைவு. ஒரு மரத்தின் நாக்கை இன்னொன்றின் துளைக்குள் செருகி, குறுக்கே மர ஆணி அடித்திருப்பார்கள். அந்த ஆணியை எந்தப் பக்கத்திலிருந்து தட்டினால் வெளிவரும் என்பது தெரிந்த ஆசாரி வேண்டும். தெரியாதவர் தட்டினால் நூறு வருஷத்து உத்திரத்தின் நுனி பிளந்துவிடும். பிளந்த நுனியை ஒட்டுப்போடலாம், ஆனால் அது பழைய பாரத்தைத் தாங்காது.

இந்த விஷயத்தில் கேரள வீட்டுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. சுவரே பலகையாக இருக்கும் வீடுகள் அங்கே உண்டு. பிரித்து வேறிடத்தில் கோப்பது அந்த ஊர்த் தச்சர்களுக்குப் பழகிய வேலை. வீட்டை விற்றால் நிலத்தை வைத்துக்கொண்டு மரத்தை மட்டும் விற்பதும் அங்கே உண்டு. செட்டிநாட்டு வீடு அப்படியல்ல. தேக்குத் தூணும் நிலைக்கதவும் வரும். முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடிபோல் இழைத்த சுவர்ப்பூச்சு வராது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டை முழுதாகக் கொண்டுவரப் பத்து ஏக்கரும் பற்றாது. மண்சுவர் வீடென்றால் இன்னும் சிக்கல்: மரமும் ஓடும் மட்டுமே பழையவை, சுவர் புதிதாக வைத்தது. பார்க்க வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. எது அசல், எது மறுபடி கட்டியது என்று பலகையில் எழுதிவைக்காத பெயர்ப்பு அருங்காட்சியகத்தை நான் பாதிதான் நம்புவேன்.

முட்டுக்காட்டில் எனக்குப் பிடித்தது வீடுகளைவிட, அவற்றைக் கோக்க வந்த கைகள். அந்தந்த வட்டாரத்துத் தச்சரையும் கொத்தனாரையும் வரவழைத்து வேலை செய்ய வைத்தார்கள். வீட்டைப் பெயர்த்தபோது கூடவே ஒரு தொழிலறிவும் ஒரு தலைமுறைக்கு உயிர்பெற்றது. பொருளை மட்டும் பெயர்த்து, செய்தவனை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும் என்பதைக் காரைக்குடியில் பார்க்கலாம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தூண் ஒருபுறம், நிலை ஒருபுறம், பெல்ஜியம் கண்ணாடி ஒருபுறம், எனாமல் தூக்குவாளி ஒருபுறம். எந்த வீட்டுத் தூண், எந்தக் கட்டில் நின்றது என்று கேட்டால் கடைக்காரரால் சொல்ல முடியாது. அது ரிசார்ட்டின் வரவேற்பறைக்குப் போகும். அங்கே எதையும் தாங்காமல் அழகுக்கு நிற்கும்.

மணிப்பாலில் விஜயநாத் ஷெனாய் செய்தது இன்னொரு வகை. வங்கி ஊழியராக இருந்தவர். இடிபடும் வீடுகளிலிருந்து மரங்களைச் சேர்த்துத் தனக்கு வீடு கட்டத் தொடங்கி, பிறகு அதுவே பித்தாகி, ஹஸ்தசில்பம் என்ற மரபுக் கிராமத்தை உருவாக்கினார். மியாரிலிருந்து ஒரு வீடு, குக்கனூரிலிருந்து கமல் மகால், முதோல் அரண்மனையின் தர்பார் என்று இருபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அங்கே இருக்கின்றன. அவர் 2017ல் காலமானார். தனிமனிதர் ஒருவரின் பிடிவாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சான்று. அந்த மனிதர் இல்லாதபோது சுமையை யார் தூக்குவது என்ற கேள்விக்கும் அதுதான் சான்று. மலேசியாவில் கெடா மாநிலத்துக் கிராமத் தலைவர் வீடொன்றைக் கோலாலம்பூருக்குப் பெயர்த்து நிறுத்திய மரபுக் காப்புச் சங்கத்தையும் இந்த வரிசையில் சேர்க்கலாம்.

இனி, கடல் கடந்த அந்த மண்டபம். மதுரை மதனகோபாலசுவாமி கோயிலைச் சேர்ந்த கல்தூண்களை 1912ல் அமெரிக்காவைச் சேர்ந்த அடலின் பெப்பர் கிப்சன் வாங்கினார். 1919ல் அவை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று அந்த அருங்காட்சியகத்தின் கூரைக்குக் கீழே நாயக்கர் காலத்து மண்டபம் மின்விளக்கில் நிற்கிறது. பராமரிப்பில் குறையில்லை, மதுரையில் இருந்திருந்தால் இவ்வளவு பத்திரமாக இருந்திருக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் மண்டபத்துக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும், தூணின் குடைவில் நிழல் நாள் முழுக்க நகர வேண்டும், அதன் கீழே யாராவது உட்கார்ந்து எழ வேண்டும். இதில் எதையும் பெட்டியில் அடைத்து அனுப்ப முடியவில்லை.

நினைவுச்சின்னப் பாதுகாப்பில் உலகம் ஒப்புக்கொண்ட அடிப்படை ஆவணம் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். நினைவுச்சின்னத்தை அது சாட்சியாக நிற்கும் வரலாற்றிலிருந்தும் அதன் சூழலிலிருந்தும் பிரிக்க முடியாது என்கிறது அதன் ஏழாம் பிரிவு. வேறு எந்த வழியிலும் காப்பாற்ற முடியாது என்றாலோ, நாட்டளவிலோ உலகளவிலோ மிக முக்கியமான காரணம் இருந்தாலோ மட்டுமே இடம்பெயர்க்கலாம். சாசனம் வந்த அதே ஆண்டில்தான் எகிப்தின் அபு சிம்பெல் கோயிலை அஸ்வான் அணைநீரிலிருந்து காக்க அறுத்து மேலேற்றும் பெரும்பணி தொடங்கியது. விதியும் விலக்கும் ஒன்றாகவே பிறந்தன.

அணை என்றதும் நம் பக்கத்து இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 1934ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபோது நீருக்குள் போன ஊர்களின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் அங்கேயே விடப்பட்டன. நீர்மட்டம் இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் அவை தலைகாட்டும். மக்கள் பரிசல் ஏறிப் பார்க்கப் போவார்கள். நாகார்ஜுனகொண்டாவில் அப்படி விடவில்லை. 1950களில் பள்ளத்தாக்கு முழுவதும் அகழ்ந்து, முக்கியமான பௌத்தச் சின்னங்களைப் பெயர்த்து, இன்று தீவாக மிஞ்சியிருக்கும் குன்றின்மேலும் கரையில் அனுபு என்ற இடத்திலும் மறுபடி கட்டினார்கள். மேட்டூர் அணை முடிந்ததற்கும் இந்த அகழ்வு தொடங்கியதற்கும் இடையில் சுமார் இருபது ஆண்டுகள். நடுவில் நாடு சுதந்திரம் அடைந்திருந்தது. நாகார்ஜுனகொண்டா நீருக்குள் போயிருந்தால் அது மன்னிக்க முடியாத இழப்பு. வேறு வழியில்லாதபோது பெயர்ப்பது சரிதான். வழி இருக்கும்போது பெயர்ப்பது சோம்பேறித்தனம். சாலை அகலப்படுத்தும் ஒவ்வொரு திட்டத்திலும் "வேறு வழியில்லை" என்று எழுதுவது மிக எளிது என்பதால், இந்த இரண்டையும் பிரித்தறியும் பொறுப்பைத் திட்டம் போடுபவரிடமே விடக் கூடாது.

இப்போது நம் வட்டாரத்துக்கு வருவோம். இங்குள்ள பழைய பங்களாக்களின், வணிகர் வீடுகளின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், தலைக்குமேல். மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் சொல்லும் தட்டுக்கூரை. தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, கோணலாக வரிசைகட்டிச் சுண்ணாம்பில் ஒட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான படிவம். பிறகு வருவதுதான் பெரிய வேலை: சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டிக்கொண்டே பின்னால் நகர்வார்கள். தட்டத் தட்டக் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத் தண்ணீரையும் தெளிப்பார்கள். கட்டை துள்ளித் திரும்பும் பதம் வந்தால் படிவம் இறுகிவிட்டது என்று பொருள். கடைசியில் தட்டோடு. இப்படிக் கட்டிய கூரை நூறு மழையைத் தாங்கும். ஆனால் பிரித்தால் கையில் மிஞ்சுவது தேக்குக் கட்டையும் ஒரு லாரி இடிபாடும்தான். செங்கல்லைச் சுண்ணாம்பிலிருந்து உடையாமல் எடுத்தாலும், கூரை என்று நாம் சொன்னது அந்தத் தட்டலில்தான் இருந்தது. அதை மறுபடி தட்ட ஆள் வேண்டும்.

அந்தக் கடுக்காயும் சுண்ணாம்பும் நம் வட்டாரத்துக்கு இன்னொரு வகையில் நெருக்கம். தோல்ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் பட்டறையில், கச்சாத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் மாற்றி மாற்றி ஊறவைத்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் லண்டன் சந்தைக்கு இங்கிருந்து தோல் போனது. ஆவாரம்பட்டையில் பதமான தோல் வெயில் பட்டால் சிவக்கும். அது சிவக்காமலிருக்கக் கடைசியில் கடுக்காய் நீரில் முக்கி எடுப்பார்கள். வீடு கட்டிய சரக்கும் அந்த வீட்டுக்குப் பணம் சம்பாதித்த சரக்கும் ஒரே கடையில் வாங்கியவை. ஆம்பூர்த் தோல் வணிகர் வீட்டை வேறு ஊருக்குப் பெயர்த்துக் கொண்டுபோனால் விட்டுப்போவது இந்த உறவுதான். கடற்கரைச் சாலையில் நிறுத்திய ஆம்பூர் வீட்டில் தூண் இருக்கும், வண்ணக் கண்ணாடி இருக்கும். கொல்லைப்புறத்துக்கு அப்பால் குழிகளும், பட்டை வாசனையும், பாலாறும் இருக்காது.

பாலாறு என்று சொன்னதால் பழுதுபார்ப்பின் ஒரு தொழில்நுட்பச் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். கச்சாத் தோல் கெடாமலிருக்க உப்பில் வரும். அந்த உப்பும் பதனிடும் ரசாயனமும் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரில் இறங்கியதன் விளைவுதான் 1996ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கு. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எல்லாருக்கும் அது பாடம். அதே உப்புநீரில் சுண்ணாம்பு குழைத்துப் பழைய சுவரைப் பூசினால் ஓரிரு மழையில் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். "பழைய பூச்சு நூறு வருஷம் நின்னுச்சு, நீங்க பூசினது நாலு வருஷம் நிக்கலையே" என்று வீட்டுக்காரர் கொத்தனாரைக் கோபிப்பார். கொத்தனார் உடனே சிமெண்டுக்கு மாறுவார். சிமெண்டு இன்னும் மோசம். சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சும் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துவிடும், ஈரம் உள்ளேயே ஏறி மர நிலையை அரிக்கும். நல்ல தண்ணீரை லாரியில் வாங்கிச் சுண்ணாம்பு குழைப்பது வீண்செலவுபோலத் தோன்றும். இந்த வட்டாரத்தில் பழுதுபார்ப்பின் முதல் செலவே அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பெயர்க்காமல் அதே இடத்தில் வைத்துக் காப்பாற்றியதற்கும் உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னைக் கடற்கரையில் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842ல் எழுந்த ஐஸ் ஹவுஸ், பனிக்கட்டி வணிகம் போன பிறகு வீடாகி, 1897ல் விவேகானந்தர் தங்கிய இடமாகி, பின்னாளில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்காக நடத்திய இல்லமாகி, இன்று விவேகானந்தர் இல்லம் என்ற அருங்காட்சியகமாக நிற்கிறது. ஒரு கட்டடத்துக்குள் இத்தனை வாழ்க்கை. கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் ஆங்கிலேய ஆட்சியர் ஜான் சல்லிவன் கட்டிய வீடு பாழடைந்து கிடந்து, பிறகு சீர்செய்யப்பட்டு நீலகிரி வரலாற்றைக் காட்டும் இடமானது. வேலூரிலேயே மருத்துவர் ஐடா ஸ்கடர் 1902ல் திறந்த ஷெல் மருத்துவமனை இருக்கிறது. அது அருங்காட்சியகமாகவே ஆகவில்லை. கண் மருத்துவமனையாக இன்றும் நோயாளிகள் வந்துபோகிறார்கள். பழைய கட்டடத்துக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

தோலுக்கே அருங்காட்சியகம் கண்ட ஊர்களையும் பார்க்கலாம். இங்கிலாந்தில் சேணமும் கடிவாளமும் செய்த வால்சால் நகரில், 1891ல் கட்டிய தோல் பட்டறை ஒன்றைச் சீர்செய்து 1988ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். விக்டோரியா காலத்துக் கட்டடம், இருந்த இடத்திலேயே. உள்ளே பழைய தொழிலாளர்கள் தைத்துக் காட்டினார்கள். ஸ்பெயினில் கத்தலோனியாவின் இகுவாலதாவில் பழைய தோல் பதனிடும் பட்டறை ஒன்று, குழிகளோடு அப்படியே பார்வைக்கு இருக்கிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் உலகத்துக்கே காலணி அனுப்புகின்றன. ஆனாலும் ஆவாரம்பட்டைக் குழி எப்படி இருந்தது என்று ஒரு பள்ளிப் பிள்ளைக்குக் காட்ட நம்மிடம் ஓர் இடம் கிடையாது. பழைய தோல்ஷாப்புகளின் மாடி பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுவருக்குப் பதில் மரப்பட்டிகள், காற்று ஊடுருவ இடைவெளி, கொடியில் வரிசையாகத் தோல். அந்தக் காற்றோட்டத்தைக் கணக்குப் போட்டுக் கட்டிய கொத்தனாரின் அறிவு எந்த மாளிகைக் கட்டடக் கலைக்கும் குறைந்ததல்ல.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது யாருடைய வீடு என்ற கேள்விதான். முட்டுக்காட்டில் குயவர் வீடு உண்டு, கூடை முடைபவர் வீடு உண்டு, நெசவாளர் வீடு உண்டு. தோல் பதனிட்டவர் வீடு என்று ஒன்றை அங்கே நான் பார்த்ததில்லை. பிற இடங்களின் நிலையும் இதுதான். பெயர்த்து வைக்கத் தகுந்தது என்று கண்ணில் படுவது தேக்கும் கண்ணாடியும் உள்ள வீடு. சுண்ணாம்புக் குழியில் முழங்கால் வரை இறங்கி நின்றவர்களின் வீடுகள் மண்சுவரும் ஓலையும். அவற்றில் பெயர்க்க மரமே இருக்காது. அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். தொழிலையும் அதைச் செய்தவரையும் சேர்த்தே ஊர் ஒதுக்கிவைத்தது. தோலின் நாற்றத்தை நினைவுபடுத்தும் வீட்டை யாரும் நினைவுச்சின்னம் என்று சொல்லத் துணியவில்லை. ஆம்பூரில் நாளை ஓர் அருங்காட்சியகம் வந்து, அதில் முதலாளி வீட்டு முற்றமும் ஊஞ்சலும் மட்டுமே இருந்தால் அது பாதி வரலாறுகூட ஆகாது. முதலாளி வீடு, பட்டறை, தொழிலாளி வீடு மூன்றும் சேர்ந்தால்தான் அந்த ஊர் எப்படி இயங்கியது என்பது புரியும். இந்த மூன்றும் இன்னும் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது நம் வட்டாரத்தின் அதிர்ஷ்டம். பெயர்த்துக் கொண்டுபோய் எங்கேயும் இதை அமைக்க முடியாது.

சட்டம் இதற்கு எவ்வளவு உதவும்? மத்தியத் தொல்லியல் துறையின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் கோட்டையையும் கோயிலையும் பார்த்துக்கொள்ளும். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டவே தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. ஊரிலுள்ள சாதாரணத் தனியார் வீட்டுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012ல் இயற்றப்பட்டும் பல ஆண்டுகள் ஏட்டிலேயே உறங்கியது. சென்னைக்காவது நீதிபதி பத்மநாபன் குழுவின் மரபுக் கட்டடப் பட்டியல் உண்டு. உயர்நீதிமன்றமே அதைத் தன் தீர்ப்பில் எடுத்தாண்டது. வேலூருக்கும் ஆம்பூருக்கும் அப்படி ஒரு பட்டியலாவது முதலில் வர வேண்டும். வீட்டுக்காரரின் பக்கமும் இருக்கிறது: எட்டுப் பங்காளிகள், மூன்று பேர் வெளிநாட்டில், நிலத்தின் விலை கட்டடத்தைவிடப் பல மடங்கு. "மரபு" என்று பட்டியலில் ஏற்றிவிட்டு ஒரு ரூபாய் வரிச்சலுகைகூடக் கொடுக்காத அரசை அவர் ஏன் மதிக்க வேண்டும்?

பெயர்க்கும் தொழில்நுட்பம் இன்று மலிந்துவிட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிப்போன ஊர்களில் அரியானாவிலிருந்து வரும் குழுக்கள் நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை அடித்தளத்துக்குக் கீழே செருகி, ஒவ்வொரு அங்குலமாக வீட்டைத் தூக்கிக் கொடுக்கின்றன. வீட்டைப் பின்னால் தள்ளி வைப்பதும் நடக்கிறது. கான்கிரீட் சட்டம் உள்ள வீட்டுக்கு இது சரி. அடியில் இணைப்பு உத்திரமே இல்லாத, கருங்கல் அடித்தளத்தில் சுண்ணாம்புச் செங்கல் சுவர் நிற்கும் பழைய வீட்டை இப்படித் தூக்கினால் எந்த மூலையில் விரிசல் ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். சாலை விரிவாக்கத்தில் பத்தடி பின்னால் தள்ளினால் தப்பும் என்ற நிலையிலுள்ள சிறு கட்டடத்துக்கு இதை முயலலாம். அப்போதும் வீடு அதே தெருவில், அதே பக்கத்து வீட்டுக்காரர்களோடு இருக்கும்; சாசனத்தின் ஏழாம் பிரிவுக்குக்கூட அதில் பெரிய சண்டை இருக்காது.

ஓய்ந்துபோன ஒரு தோல்ஷாப்பை அருங்காட்சியகமாக்க நினைப்பவர் பணத்தைக் கணக்கிடும்போது கட்டடத்தைவிட மண்ணை முதலில் கணக்கிட வேண்டும். ஆவாரம்பட்டைக் காலத்துக் குழி என்றால் பெரிய ஆபத்தில்லை. அதே குழி பின்னாளில் குரோம் பதனிடுதலுக்கும் பயன்பட்டிருந்தால் மண்ணைச் சோதித்து, தேவையானதை அகற்றிய பிறகே குழந்தைகளை உள்ளே விட முடியும். இதற்கான ஆய்வு வசதி அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. ஆண்டுப் பராமரிப்புக்கு நுழைவுச் சீட்டை நம்பினால் இரண்டாம் ஆண்டே கூரை ஒழுகும். தட்சிணசித்ரா கைவினைப் பயிற்சியும், விற்பனையும், விழாக்களும், தங்கும் விடுதியும் சேர்த்துத்தான் தாக்குப்பிடிக்கிறது.

இந்த எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய, செலவு குறைந்த வேலை ஒன்று உண்டு. எந்த வீடு இடிபடப் போகிறதோ, அதை இடிப்பதற்கு முன் முழுதாக அளவெடுத்து வரைந்து வைப்பது. கூரைக்கட்டையின் இடைவெளி, செங்கல்லின் கனம், நிலைக்கதவின் இணைப்பு, அடுக்களையின் புகைப்போக்கி, கொல்லைக் கிணற்றின் விட்டம், தொழிலாளி வீட்டு மண்சுவரின் அகலம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மெட்ராஸ் டெரஸ் தட்டிய கடைசித் தலைமுறைச் சித்தாள்களும் கொத்தனார்களும் இப்போது முதியவர்கள். அவர்களைக் கட்டட இடத்துக்கே அழைத்து வந்து, எதை எப்படிச் செய்தார்கள் என்று படம்பிடித்துக் கேட்க வேண்டும். வேலூரிலேயே கட்டடக்கலை மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு பருவத்துப் பாடத்திட்டத்தில் இதைச் சேர்த்தால் போதும். இதற்கு ஆணையமும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். வீட்டுக்காரரும் அவருடைய பங்காளிகளும் சில நாள்களுக்குக் கதவைத் திறந்து வைத்தால், வேலையைத் தொடங்கிவிடலாம்.